முத்தலிபு சொன்ன சாட்சி

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். முத்தலிபு தன் வாயால் தான் மட்டும் கெட்டிருந்தால் புத்தளத்தில் ஒருவரும் அதைப் பெரிதாக எடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் அவருடைய வாயால் கெட்டது இன்னொருவன். அதுவும் அவர் தன் ஆயுளில் ஆகக் கூடுதலாகப் புகழ்ந்த ஒருவன்.

முத்தலிபு தில்லையடிக்காரர். வெள்ளைக்காரன் காலத்தில் உப்பளத்தில் காவற்காரராக இருந்தார். உப்பு அரசாங்கத்துச் சொத்து. ஒரு கைப்பிடியை மடியில் கட்டிக்கொண்டு போனாலும் வழக்கு. அப்படிக் கட்டிக்கொண்டு போகிறவர்களைப் பிடிப்பதற்காகக் காக்கிச் சட்டையும் பித்தளை வில்லையும் கொடுத்து அவரை வைத்திருந்தார்கள். அவர் பிடித்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. ஆள் பருமன். துரத்துவதென்றால் அடுத்த பாத்தி வரைக்கும்தான் துரத்துவார். மற்ற நேரமெல்லாம் கதை. கதை என்றால் கடல் வற்றிக் கருவாடு தின்னும் கதையெல்லாம் சொல்லுவார். கூடைக்காரப் பெண்கள் அவரைக் கண்டால் நடையைக் கூட்டுவார்கள்; நின்றால் அகப்பட்டுக்கொள்வோம் என்ற பயம்.

அவருடைய கதைக்கெல்லாம் ஒரு கதாநாயகன் கிடைத்தது இன்னாசிப்பிள்ளை வந்த பிறகுதான். இன்னாசி நுரைச்சோலைப் பக்கத்துக் கத்தோலிக்கன். தலைமுறை தலைமுறையாக மீன்பிடிக் குடும்பம். இவனுக்கு மட்டும் வள்ளத்தில் ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும். சொந்தக்காரர் சிரித்த சிரிப்புத் தாங்காமல் இருபத்தோராம் வயதில் உப்பளத்துக்கு வேலைக்கு வந்தான். ஒரு மார்கழி மழை விட்ட பின்னேரம், பாத்திகளுக்கு நடுவே போகும் நடுவரப்பில் அவன் ஓடுவதை முத்தலிபு கண்டார். அந்த வரப்பு அரை மைல் நீளம். இரண்டு காலையும் சேர்த்து வைத்தால் அகலம் தீர்ந்துவிடும். மழை பெய்தால் களிமண் வெண்ணெய்போல வழுக்கும். மற்றவர்கள் அந்த நாட்களில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, கைகளை விரித்து, கலிமாச் சொல்லிக்கொண்டு நடக்கிற வரப்பு அது. அதில் இவன் வீட்டுக்குப் போகிற அவசரத்தில் காற்றாய்ப் பறந்தான்.

அடுத்த வருடம் மன்னருக்கு வெள்ளிவிழா. புத்தளத்தில் கொடி கட்டி, பள்ளிப் பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுத்து, மைதானத்தில் ஓட்டப் போட்டி வைத்தார்கள். முத்தலிபு இன்னாசியை இழுத்துக்கொண்டு போய்ப் பெயர் கொடுத்தார். ஒரு மைல் ஓட்டத்தில் கற்பிட்டி ஹிஸ்புல்லாதான் வெல்லுவான் என்று ஊரே சொன்னது. இன்னாசி அவனை முப்பது யார் தூரம் பின்னால் விட்டு வந்தான். ஓடியது இன்னாசி, மூச்சு வாங்கியது முத்தலிபு. கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு துரை இன்னாசியின் பெயரை எழுதிக்கொண்டு, அகில இலங்கைப் போட்டிக்குக் கூப்பிடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதன்பிறகு முத்தலிபுவின் வாய்க்குப் பூட்டே இல்லை. தேத்தண்ணிக் கடையில், பள்ளிவாசல் வாசலில், கலியாண வீட்டில், எங்கே இருந்தாலும் கதை நடுவரப்பில் வந்து முடியும். "நடுவரப்புல அந்தப் பையன் ஓடினா கால் மண்ணுல படாது. இந்தக் கரையில வேற ஒருத்தனுக்கு ஏலுமா?" என்று கேட்பார். கேட்டுவிட்டுப் பதிலையும் தானே சொல்லுவார். இன்னாசி பக்கத்தில் இருந்தால் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பான். குமட்டலுக்குப் பெயர்போன பிள்ளைக்கு அந்தப் புகழ்ச்சி பிடித்திருந்தது என்றுதான் சொல்லவேண்டும்.

ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பத்தாறாம் ஆண்டு ஆவணி மாதம், உப்பு வாரும் காலம். ஒருநாள் பொழுதுபட்டதும் தொழும் மஃரிபுக்குச் சற்று முன்னர், வேலையாட்களை மேய்க்கும் ஓவசியரை யாரோ பின்னாலிருந்து இரும்புக் கம்பியால் அடித்துப் பாத்திக்குள் தள்ளிவிட்டு ஓடினார்கள். ஓவசியருக்கு ஒரு கண் போயிற்று. அடித்தவனை அவர் காணவில்லை. கண்டது முத்தலிபு ஒருவர்தான். அவர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளூச் செய்துகொண்டிருந்தவர், சத்தம் கேட்டு நிமிர்ந்தார். மங்கிய வெளிச்சத்தில் ஓர் உருவம் நடுவரப்பில் ஓடிப்போய்த் தில்லைப் பற்றைக்குள் மறைந்தது. ஆள் கூடியது. "ஆரு? ஆரு?" என்றார்கள்.

முத்தலிபு ஆளின் முகத்தைக் காணவில்லை. காணவில்லை என்று சொல்லியிருந்தால் விசயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அவருக்குக் கண்ணில் நின்றது ஓட்டம். வருடக் கணக்காகச் சொல்லிச் சொல்லி வாயில் பழகிப்போன வசனம் தானாக வந்து விழுந்தது.

"என்னா ஓட்டம்! அந்த வரப்புல அப்பிடி ஓட எங்கட இன்னாசிய விட்டா வேற ஆரு?"

அதில் குற்றம் சுமத்துகிற எண்ணம் எள்ளளவும் இல்லை. பாராட்டித்தான் சொன்னார். கூட்டத்தில் நின்ற ஒருவன் அதைப் பொலிசுக்குச் சொன்னான். அன்று காலையில் பிந்தி வந்ததற்காக ஓவசியர் இன்னாசியின் கன்னத்தில் அறைந்ததை நூறு பேர் பார்த்திருந்தார்கள். அந்த ஓவசியர் அறையாத கன்னம் உப்பளத்தில் குறைவு. ஆனால் மற்றக் கன்னக்காரர் ஒருவருக்கும் ஓடத் தெரியும் என்று பெயரில்லை. இன்னாசி வேலை முடிந்து களப்புக் கரையால் தனியே வீட்டுக்கு நடந்துபோனதாகச் சொன்னான். வழியில் அவனைக் கண்ட சாட்சி கொக்குகள்தான்.

முத்தலிபு அப்போதும் பெரிதாகக் கவலைப்படவில்லை. வழக்குக் கோட்டுக்குப் போய் முகத்தைக் காணவில்லை என்று சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நினைத்தார். அப்படியேதான் சொன்னார். குர்ஆனில் கை வைத்துச் சத்தியம் பண்ணிவிட்டு, கூண்டில் ஏறிப் பொத்தானெல்லாம் பூட்டி நின்றார். இன்னாசிக்காக வழக்குப் பேசிய பெறக்கிராசி கெட்டிக்காரர். ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்துக்கொண்டு வந்தார்.

"ஆளின் முகத்தைக் கண்டீரா?"

"இல்லங்க."

"உடுப்பு?"

"சாரத்த மடிச்சுக் கட்டீந்த."

"புத்தளத்தில் சாரத்தை மடித்துக் கட்டாத ஆம்பிளை யார்?"

கோட்டில் சிரிப்பு எழுந்தது. நீதவானும் சிரித்தார். பெறக்கிராசி கடைசிக் கதவையும் திறந்து வைத்தார்.

"சரி, ஓட்டத்தைத்தானே கண்டீர். கற்பிட்டி ஹிஸ்புல்லாவும் பெயர்போன ஓட்டக்காரர். அவரைப் போன்ற ஒருவரும் அந்த வரப்பில் அதே வேகத்தில் ஓடியிருக்கலாம் அல்லவா?"

முத்தலிபு ஆமாம் என்பதற்கு 'ஓம்' என்று ஒரு சொல் சொல்லவேண்டும். வேறொன்றும் வேண்டாம். ஓரெழுத்து, ஒரு புள்ளி எழுத்து. அதைச் சொன்னால் இன்னாசி அன்று பின்னேரமே வீட்டில் சோறு தின்றிருப்பான். ஆனால் ஹிஸ்புல்லா என்ற பெயரைக் கேட்டதும் மனிதருக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்பது மறந்துபோயிற்று. தேத்தண்ணிக் கடையில் நிற்பதாக நினைத்துக்கொண்டார்.

"ஹிஸ்புல்லாவா? அவன் தரையில ஓடுறதே தாறா வாத்து மாதிரி. நடுவரப்புல அந்த வேகத்துல ஓட இந்தக் கரையில இன்னாசிய விட்டா ஒருத்தனுமில்ல. ஓதின குர்ஆன் மேல சத்தியமா செல்லுறன்."

பெறக்கிராசி கையிலிருந்த காகிதத்தை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். அரசாங்கத்துப் பக்கம் மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆறு வருடம் கடூழியச் சிறை, ஊர்ப் பேச்சில் மறியல், என்று நீதவான் தீர்ப்புச் சொன்னார். இன்னாசியை இறக்கிக்கொண்டு போனபோதுதான் தான் என்ன சொன்னோம் என்பது முத்தலிபுக்கு விளங்கியது. பெஞ்சில் போய் இருந்தவரைக் கோட்டுக் காவலாளி வந்து தட்டித்தான் வெளியே அனுப்பினான்.

அந்த மாதமே கொழும்பிலிருந்து இன்னாசி பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அகில இலங்கை ஓட்டப் போட்டிக்கு வரச்சொல்லி. அதை உப்பளக் கிளாக்கர் முத்தலிபுவின் கையில் கொடுத்தார். முத்தலிபு அதை எடுத்துக்கொண்டு நுரைச்சோலைக்கு நடந்து போனார். இன்னாசியின் மனைவி பவுலினா முற்றத்தில் கருவாடு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கலியாணம் முடித்து எட்டு மாதம். அவள் கடிதத்தை வாங்கவில்லை.

"உங்கட புகழ்ச்சி காணும் நானா, போதும்," என்றாள் அண்ணன் முறை வைத்து. "நீங்க அவரப் புகழாம இருந்திருந்தா இந்த வீட்டில ஆம்பிளை இருந்திருக்கும்."

"தங்கச்சி, நான் அவன மறியலால எடுக்காம விடமாட்டன்."

"எடுத்துப்போட்டு வந்து கதையுங்க."

எடுப்பது லேசான வேலையா? முத்தலிபு பெறக்கிராசியிடம் போனார். அவர் கோபத்தில் முகம் கொடுக்கவில்லை. சத்தியம் பண்ணிச் சொன்னதை இப்போது மாற்றினால் பொய்ச் சாட்சி சொன்னதாக உம்மையும் உள்ளே போடுவார்கள் என்று மட்டும் சொன்னார். பிறகு கருணை மனு, ஊர் சொல்லுகிற பெத்திசம், எழுதும் மக்பூலிடம் போனார். தேசாதிபதிக்கு மூன்று பெத்திசம் போயிற்று. இன்னாசி ஏழை, நல்லவன், இளம் பெண்சாதிக்காரன் என்றெல்லாம் எழுதினார்கள். மூன்றுக்கும் ஒரே பதில்: தலையிட முகாந்தரம் இல்லை. மறியலுக்குள்ளிருந்து இன்னாசியும் சும்மா இருக்கவில்லை. அங்கே வரும் பாதிரிச் சுவாமியைக் கொண்டு அவனும் எழுதுவித்தான். குற்றத்தை ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டால் ஒரு வருடம் குறைக்கப் பார்ப்போம் என்று சொல்லிப் பார்த்தார்களாம். செய்யாததை ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று திருப்பி அனுப்பிவிட்டான். பவுலினா கொழும்புக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து அயலில் சொன்னது இது.

இப்படியே இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. ஊருக்கெல்லாம் திறந்திருந்த முத்தலிபுவின் வாய், வீட்டில் மட்டும் மூடியே கிடந்தது. கோட்டில் என்ன கேட்டார்கள், தான் என்ன சொன்னார் என்பதை மனைவி கமறியாவிடம் அவர் சொல்லவேயில்லை. வெட்கம்தான், வேறென்ன! நாலாவது பெத்திசத்துக்காக மக்பூல் வீட்டுக்கு வந்து, வழக்கை முதலிலிருந்து உரக்க வாசித்தபோதுதான் கதவுக்குப் பின்னால் நின்ற கமறியாவுக்கு எல்லாம் தெரிய வந்தது.

"கொஞ்சம் நிப்பாட்டுங்க," என்றாள் அவள். "அடிச்சது எந்த மாசம்?"

"ஆவணி," என்றார் மக்பூல்.

"ஆவணியில நடுவரப்பு எங்க வழுக்குது? காஞ்சு கல்லாட்டம் ஈக்கும். நான் குமரா ஈக்கிற காலத்துல உப்புக் கூடையத் தலையில வெச்சிக்கொண்டு அதுல ஓடீக்கிறன். வாருற காலத்துல கூடைக்காரப் பொம்புளைகள் எல்லாரும் ஓடுறதான். மழ காலத்துலதானே அது இன்னாசிட வரப்பு. ஆவணியில ஆருட வரப்பும்தான். இத நீங்க கோட்டுல செல்லல்லயா?"

முத்தலிபு உப்பளத்தில் இருபது வருடம் இருந்தவர். காலையும் மாலையும் அந்த வரப்பில் நடந்த மனிதர். மார்கழியில் கண்ட ஓட்டத்தை எந்நேரமும் சொல்லிச் சொல்லி, வரப்பென்றால் அவருக்கு மார்கழி வரப்பு மட்டும்தான் என்று ஆகிவிட்டது. ஆவணியில் அது காய்ந்து இறுகிக் கிடக்கும் என்பது உப்பளத்தில் வேலை செய்கிற எல்லாருக்கும் தெரியும். கோட்டில் இருந்தவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவரைக் கூண்டில் ஏற்றிக் கேட்டார்கள். அவர் தாறாக் கதை சொல்லிவிட்டு இறங்கினார்.

கமறியா அன்று சோறு போட்டுவிட்டு முற்றத்தில் போய் இருந்தாள். ஏசியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கமறியா சொன்னதை எழுதிய அந்தப் பெத்திசம் வேறு மாதிரிப் போயிற்று. உப்பளத்துக்குப் புதிதாக வந்திருந்த துரை அதைப் படித்துவிட்டு, அடுத்த வாருங்காலத்தில் தானே வந்து பார்ப்பதாகச் சொன்னார். வரப்பு வழுக்காது என்பதைக் காட்டலாம். ஆனால் வேகத்தைக் காட்ட ஓர் ஓட்டக்காரன் வேண்டுமே. முத்தலிபு கற்பிட்டிக்குப் போனார். ஹிஸ்புல்லா கோட்டைப் பக்கம் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான்.

"வாங்க வாங்க," என்றான். "தாறா ஓடுறதப் பாக்க வந்தீங்களா?"

"சென்னன் தம்பி. இல்லண்டு செல்லல்ல. மாப்பு செய்ங்க. இன்னாசிக்காக ஒருக்கா ஓடணும்."

"ஊர்ல எல்லாரும் என்ன தாறாண்டுதான் கூப்புடுறாங்க. தெரியுமா?"

முத்தலிபு அவன் முன்னால் மணலில் இருந்துவிட்டார். ஹிஸ்புல்லா வலையைப் பொத்தி முடிக்கும்வரை அவர் எழும்பவில்லை. அவன் நல்ல மனிதன். வந்தான்.

முப்பத்தொன்பதாம் ஆண்டு ஆவணியில், அதே நேரத்தில், அதே வரப்பில் துரை வந்து நின்றார். முதலில் முத்தலிபு ஓடினார். ஐம்பது வயது, அந்த வயிறு! சாரத்தைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, தள்ளாடி, மூச்சிரைத்து, அரை மைலையும் ஓடி முடித்தார். விழவில்லை. கூடைக்காரப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு ஹிஸ்புல்லா ஓடினான். அவன் ஓடி முடிந்ததும் சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது. துரை ஏதோ கேட்டார். துபாசி தமிழில் திருப்பிச் சொன்னார்.

"நீர் அன்று கண்ட ஓட்டம் இந்த வேகம்தானா என்று துரை கேட்கிறார்."

"ஓம்."

"இவரை விட இன்னாசிப்பிள்ளை திறமா?"

முத்தலிபு வரப்பைப் பார்த்தார். "காஞ்ச வரப்புல எல்லாரும் ஒண்டுதான் துரை."

"அப்படியென்றால் கோட்டில் பொய் சொன்னீரா என்று கேட்கிறார்."

"பொய் செல்லல்ல. பெருமை சென்னன். அதுக்கு என்ன தண்டனையோ அத எனக்குத் தாங்க."

தண்டனை வந்தது. நம்பிக்கைக்குத் தகுதியற்றவர் என்று எழுதி வில்லையையும் சட்டையையும் பறித்துக்கொண்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். துரையின் அறிக்கை கொழும்புக்குப் போய்ச் சேர்ந்த மாதம் யுத்தம் தொடங்கியது. காகிதம் ஏதோ ஒரு மேசையில் பத்து மாதம் தூங்கியது. நாற்பதாம் ஆண்டு நடுவில் இன்னாசியை விட்டார்கள். நிரபராதி என்று எங்கும் எழுதவில்லை. மீதித் தண்டனை குறைக்கப்பட்டது என்று மட்டும் எழுதியிருந்தார்கள். ஓவசியரை அடித்தவன் யார் என்பது இன்றுவரைக்கும் தெரியாது.

வந்து மூன்றாம் நாள் பின்னேரம் இன்னாசி தில்லையடிக்கு வந்தான். இருபத்தேழு வயதுக்கு நாற்பது மதிக்கலாம். நாலு வருடம் குந்தியிருந்து கல்லுடைத்து வலது முழங்கால் வீங்கி மடங்காமல் போயிருந்தது. படியேறும்போது கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ஏறினான். அதைப் பார்த்ததும் முத்தலிபுக்கு, எத்தனையோ நாளாக மனதுக்குள் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் சிதறிப்போயின. கதிரையைக் கூட இழுத்துப் போடாமல் அழத் தொடங்கிவிட்டார்.

"தம்பி, நான் ஒரு 'ஓம்' சென்னா முடிஞ்சீக்கும். அந்த ஒரு சொல்லு. என்ன மாப்பு செய்ங்க. மறுமையில என்ட கழுத்தப் புடிச்சிராதீங்க."

இன்னாசி அவரைத் தோளில் பிடித்து இருத்தினான். தானும் காலை நீட்டி வைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தான். கமறியா பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போகும்வரை பொறுத்திருந்தான்.

"நானா, உங்களுக்கு ஒண்டு சொல்ல வேணும். அதுக்குத்தான் வந்தனான்."

"செல்லுங்க தம்பி."

"பெறக்கிராசி ஐயா ஹிஸ்புல்லாட பேரை எடுக்கேக்க நான் கூண்டுக்குள்ள நிண்டு மாதாவை மன்றாடினன். எதுக்கெண்டு நினைக்கிறீங்க? நீங்க ஓம் எண்டு சொல்லிப்போடக் கூடாதெண்டு."

முத்தலிபு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"இவ்வளவு சனத்துக்கு முன்னால, ஹிஸ்புல்லாவும் என்னை மாதிரி ஓடுவான் எண்டு நீங்க சொன்னா என்ர மானம் போயிடுமெண்டு பயந்தன். நீங்க இல்லை எண்டு சத்தியம் பண்ணேக்க எனக்குச் சிரிப்பு வந்திட்டுது நானா. சந்தோசம். நீதவான் ஆறு வருசம் எண்டு சொல்லுமட்டும் அந்தச் சந்தோசத்திலதான் நிண்டன். ஆவணி வரப்பு எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியாதா? நான் வாயத் திறந்திருக்கலாம். திறக்கேல்லை."

பிளேன்டீ ஆறிப்போயிற்று. இருவரும் குடிக்கவில்லை.

"பவுலினாவுக்கு இது தெரியாது," என்றான் இன்னாசி எழும்பும்போது. "அவ உங்களைத்தான் ஏசுறா. ஏசட்டும் நானா. என்னை ஏசினா நான் தாங்கமாட்டன்."

முத்தலிபு தலையாட்டினார். அவன் கதவு நிலையைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போகும்வரை வாசலில் நின்றார். பிறகு வந்த வருடங்களில் பவுலினா சந்தையில் கண்ட இடமெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். ஊரும் அவளோடு சேர்ந்து அவரைப் பேசியது. முத்தலிபு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னாசி சொன்னதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை, கமறியாவிடம்கூட.